இன்ஜினை மாற்றுங்கள், அளவை எழுதிக் கொடுங்கள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரத்தில் பவர் டில்லரும் மினி டிராக்டரும் பழுது பார்க்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், அவர்களுக்குப் புல்லியும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கும் இந்த மடல்.

நீங்கள் இல்லையென்றால் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ டில்லர்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். இன்ஜின் படுத்துவிட்டது, கம்பெனியில் அந்த மாடலே நின்றுவிட்டது, ஸ்பேர் கிடைக்காது என்று டீலர் கைவிரித்த வண்டிகளை எங்கிருந்தோ ஒரு இன்ஜினைத் தேடிப் பிடித்து வைத்து, மறுபடி வயலில் இறக்கிவிட்டவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் இது நன்றிக் கடிதம் மட்டுமில்லை. உங்களிடம் எங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இரண்டையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் விவசாயத்துக்குச் சின்ன வண்டி ஏன் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொடி படர்ந்து கிடக்கும் திராட்சைப் பந்தலுக்குள் பெரிய டிராக்டர் தலையை நுழைக்க முடியாது. கீழே வெங்காயம், தென்னைக்கு நடுவில் வாழை, வரப்பு ஓரத்தில் திரும்ப இடமில்லாத துண்டு நிலம், எல்லாவற்றுக்கும் டில்லர்தான். நெல்லுக்கு வந்தால் நெருக்கடி இன்னும் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். பெரியாறு அணையில் ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறந்துவிட்டால், லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை எல்லோரும் ஒரே மூச்சில் தொளி உழவுக்கு இறங்குகிறோம். அந்த நாட்களில் டில்லர் நின்றால் நாற்று முற்றும், நடவு ஆள் கைநழுவும், வாடகை வண்டிக்குக் காத்திருந்தே முறைத் தண்ணீர் போய்விடும். அப்போதுதான் நாங்கள் உங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கிறோம், "எதையாவது வைத்து ஓட்டிக் கொடுங்கண்ணே" என்று.

எதையாவது வைத்து. குறை தொடங்குவது இந்த இரண்டு சொற்களில்தான். அதைச் சொன்னவர்கள் நாங்கள், செய்தவர்கள் நீங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்கு மாற்று இன்ஜின் வைப்பது தப்பான காரியம் இல்லை. புது டில்லர் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை மானியம் உண்டுதான். ஆனால் அது புது வண்டிக்கு மட்டும். விண்ணப்பித்து, வரிசையில் நின்று, நம் பங்குப் பணத்தையும் கட்ட வேண்டும். கையிலிருக்கும் பழைய வண்டியிலோ சேஸ், கியர் பாக்ஸ், ரோட்டரி எல்லாம் நல்ல இரும்பில் அப்படியே நிற்கின்றன. தேய்ந்தது லைனரும் ரிங்கும் கிராங்க் பேரிங்கும்தான். ரீபோருக்கும் இடமில்லை, அந்த அளவுக்குப் பிஸ்டனும் வரவில்லை என்ற நிலையில் முழு இன்ஜினை மாற்றுவதுதான் புத்தி. டில்லரின் அமைப்பும் இதற்குத் தோதானது. சேஸின் முன்புறத்தில் நாலு போல்ட்டில் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து வி பெல்ட் வழியாக கிளட்ச் புல்லிக்கு ஓட்டம் போகிறது. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே வார்ப்பில் இல்லை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைக்க வழி இருக்கிறது.

வழி இருப்பதாலேயே எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற பழக்கமும் வந்துவிட்டது. 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைத் தாராளப் பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. முழு வண்டிக்கு மட்டுமல்ல, இன்ஜின், டிரான்ஸ்மிஷன், சேஸ், ரோட்டவேட்டர் ஆகிய பாகங்களுக்கும் அந்த உத்தரவு பொருந்தியது. உள்நாட்டுத் தயாரிப்பைக் காக்க வந்த உத்தரவு அது. அதன் நியாயத்தை நான் இங்கே பேச வரவில்லை. ஆனால் அதற்கு முன்பு மலிவாக வந்து குவிந்த வண்டிகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, அதே இன்ஜின் தேடினால் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதனால் ஜெனரேட்டரில் இருந்த இன்ஜின், கிணற்று மேட்டில் ஓடிய பம்புசெட் இன்ஜின், வேறு கம்பெனி டில்லரின் இன்ஜின் என்று எல்லாம் உங்கள் பட்டறைக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், ஒரு எடை, ஒரு சுற்றும் திசை. அதைப் பொருத்தும்போது நீங்கள் கண்ணால் அளக்கிறீர்கள். கையில் ஸ்கேல் எடுப்பது குறைவு.

ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். கேரளத்து காம்கோ டில்லரின் இன்ஜின் 12 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2000 சுற்று. வி.எஸ்.டி.யின் சக்தி 130 டிஐ 13 குதிரைத்திறன், 2400 சுற்று. இரண்டும் நம் ஊரில் ஓடும் நல்ல வண்டிகள். பழைய 2000 சுற்று வண்டியில் 2400 சுற்று இன்ஜினை வைத்து, இன்ஜின் பக்கம் பழைய அளவுப் புல்லியையே மாட்டினால், வண்டியின் வேகமும் ரோட்டரியின் வேகமும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். மண் பொலபொலவென்று விழுவதைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்படுவோம். ஆனால் கத்தி சீக்கிரம் தேயும். கல் தட்டினால் அடி பலமாக விழும். ரிவர்ஸ் போட்டால் ஹேண்டில் நெஞ்சுக்கு எதிராகப் பாயும். வேகத்தைச் சரிக்கட்ட, ஆறு அங்குலப் புல்லி இருந்த இடத்தில் ஐந்து அங்குலம் வேண்டும். அதற்குக் கீழே போனால் பி அளவு பெல்ட் அந்தச் சிறிய வளைவைத் தாங்காமல் வெடித்து உரியும். புல்லி வைக்க இடமில்லையென்றால் கவர்னரை இறக்கி 2000 சுற்றில் நிறுத்தலாம். கொஞ்சம் சக்தி குறையும், ஆனால் கியர் பாக்ஸ் பிழைக்கும். 1500 சுற்றுப் பம்புசெட் இன்ஜினை வைத்தால் கணக்கு தலைகீழ். பழைய புல்லியிலேயே ஓட்டினால் ரோட்டரி கால் பங்கு வேகத்தை இழந்து, மண்ணைக் கிளறாமல் உருட்டும். இதெல்லாம் பெரிய இன்ஜினியரிங் இல்லை. இரண்டு பெருக்கல், ஒரு வகுத்தல். சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பட்டறைக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

அடுத்தது குதிரைத்திறன் மோகம். இதில் எங்கள் பங்குதான் பெரிது. "இன்னும் ரெண்டு மூணு எச்.பி. கூட வருமாண்ணே?" என்று கேட்காத விவசாயி இல்லை. கேட்டவனுக்கு வராது என்று சொல்லுங்கள். 12 குதிரைத்திறனைக் கணக்கில் வைத்து வார்த்த கியர் பாக்ஸில் 16, 18 குதிரைத்திறனை இறக்கினால், காய்ந்த புழுதியில் ஒன்றும் தெரியாது. தொளியில் இரும்புச் சக்கரம் முழங்கால் சேற்றில் அழுந்தி நிற்கும்போது நெரிபடுவது கியர் பல்லும் சங்கிலியும் ஆக்சிலும்தான். பெல்ட் வழுக்கி கியர் பாக்ஸைக் காத்த காலம் போய், இறுக்கிக் கட்டிய பெல்ட் எல்லா அடியையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எடையும் அப்படித்தான். கனமான இன்ஜினை முன்னால் ஏற்றினால் மூக்கு சேற்றில் குத்தும். ஓட்டுகிறவன் நாள் முழுதும் ஹேண்டிலை அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும். சாயங்காலம் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். வாடிக்கையாளர் கேட்கிறான் என்று செய்து கொடுத்துவிட்டு, கியர் பாக்ஸ் போன பிறகு "நீங்கதானே கேட்டீங்க" என்பது நியாயமா? எங்களுக்குத் தெரியாததால்தானே உங்களிடம் வருகிறோம்.

பந்தலுக்குள் ஓடும் வண்டிக்கு இன்னும் இரண்டு கவனம் வேண்டும். 2023இல் நம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி என்று வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும் ஊர் இது. அந்தக் குலை தொங்குவது ஓட்டுகிறவன் தலைக்கு மேலே. படுத்த சிலிண்டர் இன்ஜின் இருந்த இடத்தில் நின்ற சிலிண்டர் இன்ஜினை வைத்தால், ஏர் கிளீனரும் சைலன்ஸரும் ஒரு முழம் மேலே ஏறிவிடுகின்றன. புகை நேராகக் குலையில் அடிக்கிறது. பந்தல் தாழ்ந்த இடத்தில் சைலன்ஸர் மூடி தளிரை முறித்துக்கொண்டு போகிறது. வண்டியின் சொந்தக்காரர் நெல்லுக்கு ஓட்டுகிறாரா, பந்தலுக்கு ஓட்டுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சைலன்ஸரைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கலாம். அப்படித் திருப்பும்போது ஓட்டுகிறவன் முகத்துக்கு எதிராக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கந்தகத் தூள் அடிக்கும் தோட்டத்தில் ஓடுகிற வண்டி என்றால், ஏர் கிளீனர் எண்ணெயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும் சொல்லி அனுப்பலாம். பல இன்ஜின்கள் சாவது தூசியால்தான் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

பெல்ட் கார்டு விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புது இன்ஜினின் புல்லி பழைய கார்டுக்குள் அடங்கவில்லை என்றவுடன் கார்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறீர்கள். வண்டி திறந்த பெல்ட்டோடு வெளியே போகிறது. ஓட்டுகிறவன் தலையில் துண்டு, இடுப்பில் வேட்டி. பக்கத்தில் சேலை முந்தானையோடு களை எடுக்கும் பெண்கள், கஞ்சி கொண்டுவரும் பிள்ளை. மூன்று பெல்ட் சுற்றும் இடத்தில் துணி நுனி சிக்கினால் கை போகும். தகடு வளைத்து, இரண்டு போல்ட்டில் ஒரு கார்டு செய்ய உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? அதற்கான கூலியைக் கேட்டு வாங்குங்கள். கார்டு இல்லாத வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே விடமாட்டேன் என்று நீங்கள் சொன்னால் எந்த விவசாயியும் எதிர்த்துப் பேசமாட்டான்.

பில் இல்லாத இன்ஜினையும் ஒதுக்கிவிடுங்கள். எண் தேய்த்து அழித்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. நம்மைப் போல ஒருவனின் தோட்டத்து ஷெட்டிலிருந்து போனதாக இருக்கலாம். மினி டிராக்டர் என்றால் ஆர்.சி. புக்கில் இன்ஜின் எண் இருக்கிறது. இன்ஜின் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியதுதான். பதிவை மாற்றாமல் விட்டால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கு விவசாயியிடம் பதில் இருக்காது.

இவ்வளவையும் நீங்கள் ஒழுங்காகச் செய்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த மடல் எழுதியதே அதற்காகத்தான்.

என் உறவுக்காரர் ஒருவரின் டில்லரில் கைதேர்ந்த ஒரு மெக்கானிக் வேறு கம்பெனி இன்ஜினை வைத்துக் கொடுத்தார். வேலை அவ்வளவு சுத்தம். சேஸில் கேஸ் கட்டிங் போட்டு ஓட்டையை இழுக்காமல், கனத்த தகட்டில் துளை போட்டு இடையில் வைத்திருந்தார். இரண்டு புல்லிக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நாலு இடத்திலும் நூல் ஒட்டும். அந்த வண்டி பல போகம் ஓடியது. ஒரு ஆனி மாதம் தொளியில் இன்ஜின் புல்லி விரிசல் விட்டது. அதற்குள் அந்த மெக்கானிக் பிழைப்புக்காக வெளிநாடு போயிருந்தார். அடுத்த பட்டறைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் இது எந்த இன்ஜின், எத்தனை சுற்று, புல்லி விட்டம் என்ன, கவர்னர் இறக்கி வைத்ததா இல்லையா, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்து ஒரு புல்லி கடையச் சொன்னார். லேத்தில் ஒரு நாள், மாட்டிப் பார்த்துக் கழற்றி மறுபடி ஒரு நாள். கீ வே அளவு சேரவில்லை. கடைசியில் கிடைத்த புல்லியை மாட்டி அனுப்பினார். அந்தப் போகம் முடிவதற்குள் கியர் பாக்ஸ் திறக்க வேண்டி வந்தது. தெரிந்தவர் தலையில் இருந்த அளவுகள் அவரோடு விமானம் ஏறிப் போய்விட்டன. ஒரு அரைப் பக்கக் காகிதம் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

காய்ச்சலுக்குப் போனால்கூட டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார். அடுத்த டாக்டரிடம் போனால் அவர் அதைப் பார்த்துத்தான் மருந்து மாற்றுகிறார். வண்டியின் இருதயத்தையே மாற்றி வைக்கும் நீங்கள் ஏன் ஒரு சீட்டு எழுதித் தரக்கூடாது?

நீங்கள் தயங்குவதன் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. தொழில் ரகசியம் வெளியே போய்விடும், எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். புல்லி அளவு தெரிந்தவுடன் எந்த விவசாயியும் தானே இன்ஜின் மாற்றிவிடப் போவதில்லை. உங்கள் கைக்குத்தான் கூலி. எழுதித் தருகிற பட்டறை என்று பேர் வந்தால் வண்டிகள் உங்களைத் தேடித்தான் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விவசாயி தன் இயந்திரத்தைத் தானே பழுது பார்க்கும் உரிமைக்காக உலகம் முழுதும் போராட்டம் நடக்கிறது. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர்களின் கணினிப் பூட்டை எதிர்த்து விவசாயிகள் பல வருஷம் குரல் கொடுத்தார்கள். 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனிகள் கையேடுகளையும் பாகங்களையும் கருவிகளையும் விவசாயிக்கும் தனிப் பட்டறைக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த உரிமை முழுதாக வந்தால் முதல் பலன் உங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்குத்தான். மாடலை நிறுத்திவிட்ட கம்பெனியிடம் வரைபடத்தையும் அளவையும் கேட்கும் பலம் உங்களுக்கு வரும். ஆனால் கம்பெனி தன் அளவுகளை மறைக்கக்கூடாது என்று கேட்கும் நாம், நமக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மறைத்து வைத்தால் அந்தக் கோரிக்கைக்கு என்ன வலு இருக்கும்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இன்ஜின் மாற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். பழைய இன்ஜின் என்ன, புது இன்ஜின் என்ன, அதன் எண், குதிரைத்திறன், எத்தனை சுற்றில் நிறுத்தியிருக்கிறீர்கள், இன்ஜின் புல்லியின் விட்டம், ஷாஃப்ட் விட்டம், கீ வே அகலம், பெல்ட்டின் எண், இடையில் தகடு வைத்தீர்களா, கவர்னரைத் தொட்டீர்களா, எந்த ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்து. ஒரு பிரதி விவசாயிக்கு, ஒரு பிரதி உங்கள் பட்டறை நோட்டில். இன்ஜின் மேல் ஒரு சின்னத் தகட்டில் சுற்றையும் புல்லி விட்டத்தையும் பஞ்ச் அடித்து வைத்தால் இன்னும் நல்லது. காகிதம் நனையும், தகடு நிற்கும்.

அடுத்து, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாப் பட்டறைக்காரர்களும் ஓரிடத்தில் கூடி அந்த நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் ஒத்துப்போனது, எது கியர் பாக்ஸைத் தின்றது என்று அப்போது தெரிந்துவிடும். உங்களிடம் தொழில் கற்கும் பையன்களையும் கூட்டி வாருங்கள். ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே அளந்து எழுதவும் கற்றுக்கொடுங்கள்.

எங்கள் பங்குக்கு விவசாயிகளிடமும் நான் கேட்டுக்கொள்வது உண்டு. ஜூன் மாதம் தண்ணீர் திறந்த பிறகு ஓடிவந்து உங்களை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டாம் போக அறுப்பு முடிந்து, வயல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையிலேயே வண்டியைக் கொண்டுவர வேண்டும். அளந்து, ஓட்டிப் பார்த்து, கார்டு போட்டு, சீட்டு எழுத ஆகும் நேரத்துக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் தர வேண்டும். கூடுதல் எச்.பி. கேட்டு நச்சரிக்கக் கூடாது. இதைப் படிக்கும் விவசாயிகளும் இதை ஒப்புக்கொள்ளுங்கள். நேரமும் கூலியும் தராமல் நல்ல வேலை கேட்பது முறையில்லை.

வருகிற பங்குனிக்கு உங்கள் பட்டறைக்கு வரும் முதல் பழைய டில்லரிலிருந்தே இதைத் தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அந்த வண்டியின் அளவுகளை எழுதி, ஒரு நகலை அதன் சொந்தக்காரர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பந்தலுக்கும் வயலுக்கும் பழைய டில்லரை நம்பியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவன்